தோற்றதும் என் ஆட்டம்தான்

அச்சுப்பொறியிலிருந்து வந்த ஒற்றைத் தாளை அண்ணி கையில் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. மறுபடி முன்பக்கம் திருப்பி, மேலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு சதுரங்க ஆட்டங்கள். அவற்றில் நான்கு தோல்வி, இரண்டு சமன், ஒரே ஒரு வெற்றி. "மத்த தாளு எங்க தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் அண்ணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிட்டது, நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்று பொய் சொன்னேன். தாள் கட்டு என் முழங்கை பக்கத்திலேயே பிரிக்காமல் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். ஆறேழு வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை.

அண்ணி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது வெண்ணந்தூரிலிருந்து. எங்களுக்குச் சேந்தமங்கலம் சாலையில் கோழிப்பண்ணை. வந்த முதல் வாரத்திலேயே முட்டை பொறுக்கவும் தீவனம் போடவும் பழகிக்கொண்டார். அவர் பள்ளியிலும் கல்லூரியிலும் சதுரங்கம் ஆடியவர், மாவட்டம் மாவட்டமாகப் போட்டிக்குப் போனவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதினேழு வயதில், திருச்செங்கோட்டில் நடந்த ஒரு போட்டியில், சென்னையிலிருந்து வந்த, சதுரங்கத்தில் பட்டம் பெற்ற வீராங்கனை ஒருவரை ஜெயித்திருந்தார். கல்யாணப் பேச்சின்போது அதையும் ஒரு தகுதியாகச் சொன்னார்கள். கல்யாணம் ஆனபின் ஒன்பது வருடம் அவர் பலகையைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தொடுவதற்கான நேரத்தை யாரும் விட்டுவைக்கவும் இல்லை. பெண்களுக்கான போட்டி என்று நான் கொண்டுவந்து போட்டிருந்த நோட்டீஸை ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டு, "நானும் வாரேன் தம்பி" என்றார். அதற்கப்புறம் ஆடியவைதான் அந்த ஏழு ஆட்டங்கள்.

நான் அப்போது நாமக்கல்லில் ஒரு சதுரங்க மன்றத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், இரண்டு அறை. மன்றத்தின் செயலாளர் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். சதுரங்கத்தின் மேல் உண்மையான பைத்தியம் உள்ளவர். அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு மென்பொருளில், மாவட்டத்தில் நடக்கும் போட்டிகளின் ஆட்டங்களை எல்லாம் நான் ஏற்ற வேண்டும். ஆடுபவர்கள் தங்கள் நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் தாள்கள் பதினைந்து வருடத்துக்கு மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றை ஏற்றி முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. முடிந்த மறுநாளே செயலாளர் மூட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். "எல்லாம் உள்ள ஏறிருச்சில்ல சாமி, இனி எதுக்கு எலிக்கு எடம்?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் எங்களைப் போன்றவர்களைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவருடைய பெயரை ஏற்ற அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று குடும்பப் பெயருக்கு, இன்னொன்று சொந்தப் பெயருக்கு. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சேமிக்கும் பொத்தான் அழுந்தாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் இனிஷியலைக் கொண்டுபோய் அதில் போட்டேன். அதன்படி நாமக்கல், சேலம் பக்கத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் 'பி', 'எஸ்', 'கே' என்ற மூன்று குடும்பங்களில் பிறந்தவர்கள் ஆனார்கள். போட்டிகளின்போது ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் பட்டியலில் பக்கத்திலேயே பேனாவால் ஊர்ப்பெயரை எழுதிவிடுவார்கள், யாருக்கும் குழப்பம் வராது. ஊருக்கு அந்த மென்பொருளில் கட்டமே இல்லை.

அண்ணியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வருடங்களில் பிறந்த பெண்களுக்குச் சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் வைக்கப்பட்ட பெயர் அது. கல்யாணத்துக்கு முன் அவர் அப்பாவின் இனிஷியல் 'பி'. கல்யாணத்துக்குப் பின் என் அண்ணனின் 'எஸ்'. ஆக மென்பொருளுக்கு அவர் ஏற்கெனவே இரண்டு ஆள். அதே பெயரில், அதே 'பி' இனிஷியலில், சேலம் டவுனில் இன்னொரு பெண்ணும் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. திறந்ததும் ஒரு பெட்டி. இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் இரட்டைப் பதிவாக இருக்கலாம், ஒன்றாகச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டது. முதல் பத்துப் பதினைந்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே என் எழுத்துப்பிழைகள்தான். சாப்பாட்டு நேரம் வேறு. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன்.

இது அத்தனையும் அண்ணி அந்தப் பட்டியலைக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் சதுரங்கப் பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆடிய ஆட்டங்களின் பட்டியலை மன்றத்தில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், பட்டம் பெற்ற ஒருவரை ஒருமுறையாவது ஜெயித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அண்ணிக்காகவே எழுதிய மாதிரி ஒரு நிபந்தனை. அவர் போன பிறகு நான் தேடிப் பார்த்தேன். பழைய ஆட்டங்கள் எல்லாம் அந்தச் சேலத்துக்காரரின் ஆட்டங்களோடு கலந்து, நூற்று நாற்பத்து மூன்றாக, சேலத்துக்காரரின் பதிவு எண்ணின் கீழ் கிடந்தன. சேர்த்ததைப் பிரிக்க வழி தேடினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை. முந்தைய நகலை எடுக்கலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு முறை மூடும்போதும் பழைய நகலின் மேலேயே புது நகலை எழுதிவைக்கும் புத்திசாலி அது. கலந்ததுதான் நகலிலும் இருந்தது.

மூன்று நாள் தாள் வாங்கவில்லை, கரண்ட் இல்லை என்று ஓட்டினேன். நான்காம் நாள் காலை பண்ணையில் அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் நின்று உண்மையைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை. அந்த அட்டையை முழுதாக அடுக்கி முடித்த பிறகு நிமிர்ந்தார்.

"திருச்செங்கோட்டு ஆட்டம்?"

"அதுவும் அவங்க பேர்லதான் இருக்குதுங்க அண்ணி."

"என்னோட மொத்தம் எத்தன போச்சு?"

"ஒரு அறுவது இருக்குமுங்க."

"இருக்குமா? எத்தனன்னே தெரியாதா?" என்றார். திட்டினால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. பிறகு, "மத்தியானம் தீவனம் போட்டுட்டு மன்றத்துக்கு வாரேன். செயலாளர் இருப்பாருங்களா?" என்று கேட்டார்.

செயலாளர் இருந்தார். நான் செய்த தப்பை நானே அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஒரு சின்னக் காரியத்தைப் பேசுகிறவர் மாதிரி, "அது பழைய கத போம்மா. இப்பத்தான் மறுபடியும் ஆட வந்திருக்கறே. ஊட்டுக்காரர் பேரப் போட்டுப் புதுசா ஆரம்பிச்சுக்க. அந்த ஆட்டத்த வெச்சு இனி என்ன பண்ணப் போறே?" என்றார். அண்ணி உட்காரவில்லை. "அது கதையில்லீங்க, ஆட்டம். நான் ஆடுனது. அத வெச்சு நான் என்ன வேணா பண்ணுவனுங்க. எனக்கு எல்லாம் திரும்ப வேணும்" என்றார். அதற்குள் அந்தப் பள்ளியில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். செய்தி வந்தபோது இனிமேலாவது விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். மறுநாள் மத்தியானமும் அதே நேரத்துக்கு மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

மென்பொருள் நிறுவனத்துக்கு நான் கடிதம் எழுதினேன். இரண்டே நிமிடத்தில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. மூன்று நாள் கழித்து இன்னொன்று. சேர்ப்பது சரியாகத்தான் வேலை செய்கிறது, பிரிக்க வேண்டுமென்றால் பழைய நகலைப் பயன்படுத்தவும், உங்கள் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். கீழே ஐந்து நட்சத்திரங்கள் வரைந்து, எங்கள் சேவைக்கு எத்தனை தருவீர்கள் என்று கேள்வி. அதை அண்ணிக்குப் படித்துச் சொன்னேன். "யாரோட பிரச்சினை தீந்துச்சாம்?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒவ்வொரு ஆட்டமா ஓட்டுங்க தம்பி. நான் சொல்றேன்."

இப்படித்தான் நாங்கள் நூற்று நாற்பத்து மூன்று ஆட்டங்களையும் முதல் நகர்த்தலிலிருந்து ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தோம். பெரும்பாலானவை சுலபம். போட்டியின் பெயரைப் பார்த்ததுமே அண்ணி சொல்லிவிடுவார். அவர் போகாத போட்டி என்றால் அவருடையதில்லை. போன போட்டி என்றால் மண்டபம்கூட நினைவிருந்தது. மின்விசிறி கத்திய மண்டபம், எதிரில் ஆடிய பெண் அழுத மண்டபம், தன் அப்பா வெளியில் டீக்கடையில் காத்திருந்த மண்டபம். நல்ல ஆட்டம் வரும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. மோசமாகத் தோற்ற ஆட்டம் வரும்போது மட்டும், "அய்யே, இங்கதான் கெடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு, உடனே நோட்டில் தன் பக்கம் எழுதிக்கொள்வார். எனக்கு அது புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் தொலைந்துபோன தோல்விகளை வலியத் தேடிப் பிடித்து எதற்காக எழுத வேண்டும்? இதெல்லாம் சேலத்துக்காரங்க பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தோத்ததும் என்னுதுதான் தம்பி. அவங்க எதுக்கு என்னோட தோல்விய சொமக்கோணும்? ஜெயிச்சத மட்டும் நான் கேட்டா, அது திருட்டு" என்றார்.

பன்னிரண்டு மத்தியானங்கள் ஆயின. அண்ணியின் பக்கம் ஐம்பத்து நான்கு, சேலத்துக்காரர் பக்கம் எழுபத்தெட்டு. பதினோரு ஆட்டங்கள் மட்டும் நின்றுவிட்டன. இருவருமே கலந்துகொண்ட போட்டிகளின் ஆட்டங்கள் அவை. திருச்செங்கோட்டுப் போட்டி அதில் ஒன்று. எது யாருடையது என்று சொல்ல, சேலத்துக்காரரைப் போய்க் கேட்டால் தவிர, எங்களிடம் எந்தச் சாட்சியும் இல்லை. தாள்கள் பழைய பேப்பராகப் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார். பட்டம் பெற்றவரை ஜெயித்த ஆட்டம் திரையில் இருந்தது. "இது மட்டும் உன்னுதுன்னு ஒறப்பாச் சொல்லுவியே" என்று சிரித்தார். அண்ணி அதை மூடச் சொல்லிவிட்டு, அதே போட்டியின் இன்னொரு ஆட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பதாவது நகர்த்தலில் ராணியை இழந்து, பத்தொன்பதில் முடிந்துபோன ஆட்டம். "இதும் என்னுதுதானுங்க. இதையும் சேத்துச் சிரிங்க" என்றார். செயலாளர் பட்டறைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டிலும் பேச்சு வந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. தினமும் மத்தியானம் பண்ணையைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தாளு சொல்றாப்ல எம்பேரப் போட்டு ஒரே பேரா வெச்சுக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிரும்?" என்று கேட்டார். "உங்க பேருக்கு ஒண்ணும் கொறையாதுங்க. எம்பேருக்குத்தான் கொறையும்" என்றார் அண்ணி. அண்ணன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். பிறகு, "சேலத்துக்கு என்னிக்குப் போறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சேலத்துக்காரர் கடைவீதியில் தையல் சாமான் கடை வைத்திருந்தார். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பா காலத்துக் கடை. இளம்பிள்ளைச் சேலைகளுக்கு ஓரம் தைக்கிற துணியும் லேசும் பொத்தானும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே யாருக்கோ பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தவர், அண்ணி தன் பெயரைச் சொன்னதும் எண்ணிக்கையை விட்டுவிட்டார். "அல்லாவே, நீங்கதானா அது! ஓரச் சிப்பாயத் தள்ளுற ஆளு!" என்று கத்தினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முக்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு வருசமா என்கூட ஆட வர்ற புள்ளைங்க எல்லாம், 'அக்கா, நீங்க ஆரம்பத்துலயே ஓரச் சிப்பாயத் தள்ளுவீங்களாமே'ன்னு கேக்குதுங்க. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. எம்பேர்ல இருக்குற உங்க ஆட்டத்தப் படிச்சுட்டு வந்து என்கிட்ட தோத்துட்டுப் போறாங்க. எனக்கு லாபம்தான். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா, ஜெயிச்சது நான்தானான்னு எனக்கே சந்தேகமாயிருது."

கடையின் பின்பக்கம் துணிக்கட்டுகளுக்கு நடுவே பலகையை வைத்து, அந்தப் பதினோரு ஆட்டங்களையும் இருவரும் ஆடிப் பார்த்தார்கள். முதலில் ராணி போன ஆட்டம். "அய்யோ, இப்படி ராணிய நான் விடவே மாட்டேன்" என்றார் சேலத்துக்காரர். "அது நானுங்க" என்றார் அண்ணி. திருச்செங்கோட்டு வெற்றியை அண்ணி தன் வாயால் சொல்லவேயில்லை. பாதி ஆட்டம் நகர்ந்ததும் சேலத்துக்காரர் யானையைத் தூக்கிய கையோடு நின்றார். "இது நான் இல்ல. இந்த எடத்துல எனக்குப் பயம் வந்திருக்கும். நான் ராணிய வெட்டிக் குடுத்துட்டு சமனுக்குப் போயிருப்பேன். நீங்க போகல" என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். ஆறு அண்ணிக்கு, நான்கு சேலத்துக்காரருக்கு என்று பிரிந்தது. கடைசியாக ஒன்று மிஞ்சியது. அழகான வெற்றி அது. இருவரும் இரண்டு முறை ஆடிப் பார்த்தார்கள். "உங்களுதா?" "இல்லீங்க, உங்களுதுங்களா?" "எனக்கு இவ்வளவு நல்லா வராது." கடைசிவரை இரண்டு பேருமே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கோ எங்களுக்குத் தெரியாத மூன்றாவது ஒருத்தி, தன் ஆட்டம் தொலைந்தது தெரியாமலே இருக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை மட்டும் தனியாக எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திருத்துவது அப்புறமும் சுலபமாக இல்லை. ஆட்டத்தைத் திறந்து பெயரை மாற்றிச் சேமித்தால், அடுத்த முறை திறக்கும்போது அந்த மென்பொருள் தானாகவே பழைய பெயரைக் கொண்டுவந்து வைத்திருக்கும். எனக்கு எழுதத் தெரியாது என்று அது முடிவு செய்துவிட்டிருந்தது. ஆகவே புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கி, அத்தனை ஆட்டங்களையும் முதலிலிருந்து கையால் ஏற்றினேன். செயலாளர் வேண்டாம் என்றார். வேலை நேரத்துக்கு வெளியே செய்கிறேன் என்று சொல்லிச் செய்தேன். ஒவ்வொரு நாளும் திறக்கும்போது அந்தப் பெட்டி வந்து நிற்கும். இவர்கள் இருவரும் ஒரே நபரா? இல்லை என்று அழுத்துவேன். மறுநாளும் அதே கேள்வி. எத்தனை நாள் அழுத்தினேனோ கணக்கில்லை. குடும்பப் பெயர்க் கட்டம் வந்தபோது இருவரையும் கேட்டேன். "எங்க அத்தாதான் எனக்குப் பலகை வாங்கிக் குடுத்தவரு. அவரு பேரு இருக்கட்டும்" என்று சேலத்துக்காரர் போனில் சொன்னார். அண்ணியின் பதில் வேறு. "ஆடுனது எங்கப்பாவும் இல்ல, உங்கண்ணனும் இல்ல. எம்பேரையே ரெண்டு கட்டத்துலயும் போடுங்க தம்பி" என்றார். போட்டேன். இது சரிதானா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். பொத்தான் அழுந்தியது.

எங்கள் கோப்பு சரியானாலும் மாநில அலுவலகத்தின் பட்டியலில் அவர்கள் இன்னும் ஒரே எண்ணில் ஒரே ஆளாகத்தான் இருந்தார்கள். நாங்கள் முன்பு அனுப்பிய கலந்த கோப்பிலிருந்து எடுத்தது. திருத்தச் சொல்லி எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. அந்த நிலையில் நாமக்கல்லில் பெண்களுக்கான போட்டி வந்தது. ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. யாரோடு யார் ஆடுவது என்று ஜோடி சேர்க்கும் மென்பொருளை நான்தான் இயக்கினேன். முப்பத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பட்டியல் முப்பத்தொன்று என்றது. எண்ணிப் பார்த்தேன். அண்ணியை ஏற்றிய பிறகு சேலத்துக்காரரை ஏற்றினால், இவர் ஏற்கெனவே பதிவாகிவிட்டார் என்று சொல்லி ஒருவரைத் தள்ளிவிட்டது. வேறு எண் கொடுத்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

செயலாளர் வேர்த்துப்போய் வந்தார். மாநில அலுவலகத்துக்கு அறிக்கை இந்த மென்பொருளிலிருந்துதான் போக வேண்டும், இல்லாவிட்டால் போட்டியே செல்லாது. இருவரையும் தனியாக அழைத்து, "ஒருத்தர் இந்த ஒரு தடவ விட்டுக்குடுங்கம்மா. அடுத்த தடவ நானே பாத்துச் சரி பண்றேன்" என்று கேட்டார். அவர் குரலில் கெஞ்சல்தான் இருந்தது, அதிகாரம் இல்லை. சேலத்துக்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சத்தம் போடவில்லை. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் வந்திருக்கோமுங்க. ஒருத்தர்தான் வந்திருக்கறதா உங்க மிஷினு சொன்னா, வெளிய அனுப்ப வேண்டியது மிஷினத்தான்."

அதுவரை பலகைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டுவிட்டு அவரும் எழுந்தார். யாரும் கோஷம் போடவில்லை. முப்பது பெண்களும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். கடிகாரங்கள் ஓடவில்லை. செயலாளர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "சாமி, கத்திரி இருக்குதா?" கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பத்து வருடம் அட்டைத் துண்டுகளை வைத்தே ஜோடி சேர்த்தவர் அவர். மண்டபத்தில் பழைய காலண்டர் அட்டை கிடைத்தது. முப்பத்திரண்டு துண்டாக வெட்டினோம். பெயரையும் ஊரையும் பேனாவால் நான் எழுதினேன். மேசைமேல் பரப்பி, நகர்த்தி, பத்து நிமிடத்தில் முதல் சுற்றுக்கு ஜோடி போட்டுவிட்டார். அவர் முகத்தில் நான் பல வருடமாகப் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது.

நான்காவது, கடைசிச் சுற்றுக்கு அண்ணியும் சேலத்துக்காரரும் மட்டுமே மூன்று வெற்றிகளோடு வந்திருந்தார்கள். செயலாளர் இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வேற வழியில்ல, இவங்களுக்கு இவங்கதான்" என்றார். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். அவருக்கு மாநில அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பட்டியல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருப்பார்கள் போல. அவர் வாசல் பக்கம் நகர்ந்து, தணிந்த குரலில்தான் ஆரம்பித்தார். போகப்போகக் குரல் ஏறியது. "இல்லீங்க, ரெண்டு பேரு... எனக்கு எப்படித் தெரியுமா? எங்கண்ணு முன்னால எதுத்தாப்ல எதுத்தாப்ல உக்காந்து ஆடிக்கிட்டு இருக்காங்க. ஒரே ஆளுன்னா அந்தப் பக்கம் கடியாரத்த யாருங்க அமுக்கறது?" போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாநிலப் பட்டியலில் அவர்களுக்குத் தனித்தனி எண் வர இன்னும் எட்டு மாதம் ஆனது. அதற்குள் அண்ணியின் கையெழுத்தில் பத்துப் பன்னிரண்டு கடிதங்கள் போயிருந்தன. அந்தப் போட்டியைச் செல்லாது என்றுதான் அறிவித்தார்கள். அண்ணிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அவர் இரண்டு பள்ளிகளுக்குப் பயிற்சியாளராகப் போகிறார், நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். எந்த அலுவலகத்தில் எந்தத் திரையில் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று வந்தாலும் என் கை நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் படிக்க ஆரம்பித்துவிடுகிறேன். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அன்றைய ஆட்டத்தில் அண்ணி தோற்றார். நாற்பது நகர்த்தலுக்கு மேல் போய், கடைசியில் ஒரு சிப்பாயைத் தடுக்க முடியாமல் போயிற்று. கை கொடுத்தார்கள். எழுந்து வருவார்கள் என்று பார்த்தால், காய்களைப் பழையபடி நடு ஆட்டத்துக்குத் திருப்பி அடுக்கி, எங்கே தவறிற்று என்று சத்தமாக வாதாடத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பேருந்து பிடிக்கப் போய்விட்டார்கள். நாற்காலிகளை மடக்கி அடுக்கியாயிற்று. கூட்டிப் பெருக்க வேண்டும், எழுந்திருங்க என்று மண்டபக்காரர் இரண்டு முறை வந்து சொன்னார். மூன்றாவது முறை விளக்கை அணைத்தார். வெளியில் இன்னும் வெயில் இருந்தது. அண்ணி ஒரு பக்கமும் சேலத்துக்காரர் மறுபக்கமுமாக மேசையைப் பிடித்து, ஒரு காயும் விழாமல் தூக்கி, ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்கள்.